புள்ளிகள் எழாத கோடை

சனிக்கிழமையும் அதுவுமாக வாசல் மணி அடித்தபோது, ஹினெக் துருவிய உருளைக்கிழங்கில் பூண்டு தட்டிப் போட்டு முதல் அடையை வாணலியில் வார்த்திருந்தான். தனியாக வாழ்கிற ஆண்பிள்ளைக்குச் சனிக்கிழமை அடை என்பது கிட்டத்தட்ட வழிபாடு. கையைத் துடைத்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தான். டிராம் ஓட்டுகிறவர்களின் சீருடையில், தோளில் காய்கறிப் பை தொங்க, வாசலை அடைத்துக்கொண்டு ஒரு மனிதர் நின்றார்.

"ஹினெக் வாவ்ரா?"

"ஆமா, நான்தான்."

"என் தங்கச்சி வாயை அடைச்ச புண்ணியவான் நீங்கதானா?"

ஹினெக் விழித்தான். அவன் எந்தப் பெண்ணின் வாயையும் அடைத்தவனில்லை. வேண்டுமானால் அவனுடைய முன்னாள் மனைவியையே கேட்டுக்கொள்ளலாம்.

"வீடு மாறி வந்துட்டீங்கன்னு நெனக்கிறேன்."

"மாறலை. ஜூன் மாசத்துலேர்ந்து தேடி, இப்பத்தான் சரியான வீட்டுக்கு வந்திருக்கேன். பேரு பொரேக்." சொல்லிக்கொண்டே அவர் குனிந்து பூட்ஸைக் கழற்றினார். எவ்வளவு கோபமானாலும் செக் நாட்டின் பிர்னோ நகரத்தில் யாரும் செருப்புக் காலோடு வீட்டுக்குள் வருவதில்லை. விருந்தாளிக்கென்று வைத்திருந்த துணிச்செருப்பில் பாதத்தை நுழைத்துப் பார்த்தார், அது அவருக்குக் கட்டைவிரல் மட்டும் கொண்டது. காலுறையோடு சமையலறைக்கு நடந்து, பையிலிருந்து துண்டு சுற்றிய ஒரு பொருளை எடுத்து மேசைமேல் வைத்தார். தூங்குகிற குழந்தையை வைப்பதுபோல் வைத்தார்.

துண்டை விலக்கியதும் ஹினெக்குக்குத் தெரிந்துவிட்டது. கறுப்பாக, முழங்கை நீளத்துக்கு ஒரு பட்டை. அதன் முகப்பில் ஒரு வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள். கணினியில் இருக்கிற எழுத்துக்கு ஏற்ப அந்தத் துளைகளில் ஊசிமுனைப் புள்ளிகள் எழும், அடங்கும். பார்வையில்லாதவர்கள் விரல் வைத்துத் திரையைப் படிப்பது இந்தப் பிரெயில் பட்டையில்தான். பல வருஷங்களுக்கு முன் நூலகத்திலிருந்து இதே போல ஒன்றை இரவல் வாங்கி, இதற்கும் கணினிக்கும் நடுவே நின்று பேசிவைக்கிற நிரலை அவன் எழுதியிருந்தான். அதற்கு இயக்கி என்று பெயர். யாரும் பணம் கொடுத்து எழுதச் சொல்லவில்லை. எல்லோரும் சேர்ந்து எழுதி எல்லோருக்கும் இலவசமாகத் தருகிற ஓர் இயங்குதளத்துக்காக எழுதியது அது, அவனைப் போன்றவர்கள் பகலில் வேறெங்கோ வேலை பார்த்துவிட்டு வந்து இதில் கைவைப்பார்கள்.

"என் தங்கச்சி க்வேதாவுக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேக்காது" என்றார் பொரேக். "உலகத்துல அவ யார்கூடப் பேசணும்னாலும் இதுதான். ஜூன் மாசம் ஒரு நாள் காலையில புள்ளி எழல. மூணு கடை ஏறி இறங்கிட்டேன். பட்டை செத்துப்போச்சுங்கறான். செஞ்ச கம்பெனிய எப்பவோ இழுத்து மூடியாச்சு. அப்புறம் பக்கத்து வீட்டுப் பொண்ணு எதையோ நோண்டி, இதுக்கு எழுதினது நீங்கன்னு கண்டுபிடிச்சா. உங்க பேரு அதுக்குள்ளயே போட்டிருக்காமே."

ஹினெக் பட்டையை எடுத்துப்போய், வருஷக்கணக்காகப் புதுப்பிக்காமல் கிடந்த பழைய மடிக்கணினியில் செருகினான். கிர்ரென்று ஒரு சின்னச் சத்தம். புள்ளிகள் வரிசையாக எழுந்து நின்றன.

பொரேக்கின் முகம் மலர்ந்தது. ஹினெக்கின் முகத்தில் ஈயாடவில்லை. பட்டை உயிரோடிருக்கிறது என்றால் செத்தது எது என்று அவனுக்குத் தெரியும், கொன்றது யார் என்றும் தெரியும்.

"பட்டை நல்லா இருக்கு" என்றான். "நான்தான் ஒரு வரியை எடுத்துட்டேன்."

"என்ன வரி?"

யு.எஸ்.பி.யில் செருகுகிற எந்தக் கருவியும் முதலில் கணினியிடம் இரண்டு எண்களைச் சொல்லும்: என்னைச் செய்தவர் இன்னார், நான் இன்ன வகை. எண்ணைப் பார்த்துக் கணினி அதற்குரிய இயக்கியைக் கூப்பிடும். இந்தப் பட்டையைச் செய்த ஸ்லோவாக்கியக் கம்பெனியில் மொத்தமே இரண்டு பேர்தான். கடையில் கிடைத்த சிப் ஒன்றை வாங்கிப் போட்டவர்கள், தங்களுக்கென்று தனி எண் வாங்காமல் சிப்போடு வந்த எண்ணையே விட்டுவிட்டார்கள். பிற்பாடு அதே சிப் உலகம் முழுக்க மலிவு மின்னணுப் பலகைகளில் ஏறிவிட்டது. செடிக்குத் தண்ணீர் விடுகிற பலகை, சாராயம் காய்ச்சுகிறவன் சூடு பார்க்கிற பலகை, இப்படி எத்தனையோ. அவர்கள் பலகையைச் செருகினால் கணினி அதைப் பிரெயில் பட்டை என்று நினைத்து அள்ளி மடியில் வைத்துக்கொள்ளும், எவ்வளவு கெஞ்சினாலும் விடாது. பலகைக்காரர்கள் வருஷக்கணக்கில் திட்டித் தீர்த்தார்கள். போன வசந்தத்தில் ஹினெக், "இந்த எண் வந்தால் பிரெயில் பட்டை" என்கிற அந்த ஒற்றை வரியை நீக்கினான். எல்லோரும் நன்றி சொன்னார்கள்.

இதையெல்லாம் அவன் தட்டுத் தடுமாறிச் சொல்லிமுடிக்கும்வரை பொரேக் பொறுமையாகக் கேட்டார்.

"சும்மா எடுக்கல" என்றான் ஹினெக். "இந்தப் பட்டைய யாராவது வச்சிருக்கீங்களான்னு முன்கூட்டியே கேட்டேன். வழக்கமா எவ்வளவு நாள் விடணுமோ அவ்வளவு நாள் விட்டேன். ஒருத்தரும் பதில் சொல்லல."

"எங்க கேட்டீங்க?"

"எங்க மின்னஞ்சல் குழுவுல."

"அதுல யாரு இருப்பாங்க?"

"இயக்கி எழுதறவங்க."

பொரேக் மோவாயைத் தடவிக்கொண்டார். "அதாவது, ஊர்ல இருக்கற சமையக்காரங்களையெல்லாம் ஒரு கூடத்துல உக்கார வச்சு, யாருக்காவது பசிக்குதான்னு கேட்டிருக்கீங்க."

வாணலியில் அடை கருகி வீடு முழுக்கப் புகைந்தது. ஹினெக் ஓடிப்போய் அடுப்பை அணைத்தான். பொரேக் எழுந்து சன்னலைத் திறந்துவிட்டு, கருகாத பாதியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். "உப்பு பத்தல" என்றார். "நாளைக்கு வீட்டுக்கு வாங்க. அவகிட்ட நீங்களே சொல்லுங்க."

*

ஞாயிற்றுக்கிழமை நகரத்தின் ஷிதெனித்சே பகுதியில் இருந்த அவர்கள் வீட்டுக்கு ஹினெக் போனபோது க்வேதா சன்னலோரத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். அவனை ஒத்த வயது, நாற்பதைத் தாண்டியவள். நரைக்கத் தொடங்கிய முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். பொரேக் அவளுடைய இடது கையை எடுத்து விரித்து, உள்ளங்கையிலும் விரல்களிலும் வேகமாகத் தட்டி, கோடிழுத்து, சுழித்து ஏதோ எழுதினார். கையில் எழுதுகிற எழுத்து அது. அவர்கள் மொழியின் உயிரெழுத்து ஐந்தும் ஐந்து விரல் நுனிகளில் இருக்கும், மற்றவை உள்ளங்கையிலும் விரலோரங்களிலும்.

க்வேதா சிரித்துவிட்டாள். வளர்ந்த பிறகுதான் காது போனது என்பதால் அவளுக்குப் பேச்சு இருந்தது. தன் குரல் தனக்குக் கேட்காததால் அது திடீரென்று ஏறும், திடீரென்று இறங்கும்.

"கொலைகாரன் வந்திருக்கான்கறான் எங்க அண்ணன்" என்றாள். "நல்லதாப் போச்சு. கோடை முழுக்க ஒரு கொலைகாரனத்தான் தேடிட்டிருக்கேன்."

அது பாதி உண்மை. அவள் போலந்துத் துப்பறியும் கதைகளைச் செக் மொழியில் பெயர்ப்பவள். முன்கூட்டியே கடைசிப் பக்கத்தைப் படிக்கமாட்டாள், அது அவளுடைய பிடிவாதம். கடைசி அத்தியாயத்தின் நடுவில் பட்டை நின்றுவிட்டது. பண்ணையாருக்கு விஷம் வைத்தது யார் என்று தெரியாமலேயே கோடை போய்விட்டது.

ஹினெக் அவளுடைய கணினி முன் உட்கார்ந்து அந்த ஒற்றை வரியைத் திரும்பச் சேர்த்தான். கால் மணி நேர வேலைகூட இல்லை. பட்டையைச் செருகியதும் கிர்ரென்றது. பொரேக் அவள் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார்.

க்வேதாவின் விரல்கள் இடமிருந்து வலமாக ஓடின, திரும்ப வந்தன, மறுபடி ஓடின. கன்னத்தில் கண்ணீர் இறங்குவதைத் துடைக்க அவள் கையை எடுக்கவில்லை, எடுத்தால் எங்கே அடங்கிவிடுமோ என்று பயந்தவள் போலிருந்தாள். ஹினெக்குக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் எழுதியும், தான் எழுதியது யாருடைய விரலுக்குக் கீழே போய் நிற்கிறது என்று அவன் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வெட்கமாகவும் சந்தோஷமாகவும் ஒரே நேரத்தில் இருந்தது.

வெகுநேரம் படித்த பிறகு அவள் முகம் சுருங்கியது.

"ஹெர்மினாகிட்டேர்ந்து ஒண்ணுகூட இல்ல."

ஹெர்மினா யார் என்று பொரேக் சொன்னார். க்வேதாவைப் போலவே கண்ணும் காதும் இல்லாதவள், ஸ்லோவாக்கியாவில் கோஷித்சே பக்கம் எங்கோ தனியாக இருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே வருஷம் இதே பட்டையை வாங்கியவர்கள். ஒருநாள் விடாமல் எழுதிக்கொள்வார்கள். நேரில் பார்த்ததில்லை. வீட்டு முகவரி கிடையாது, முழுப்பேர்கூடத் தெரியாது, மின்னஞ்சல் மட்டும்தான். காது கண் இல்லாதவர்கள் சங்கத்துக்குத் தொலைபேசியில் கேட்டுப் பார்த்தாராம், அங்கே அப்படி யாரும் பதிவாகவில்லை.

"எனக்காவது இந்தத் தடியன் இருக்கான், கையில எழுத" என்றாள் க்வேதா. "அவளுக்கு யாருமே இல்ல. ஜூன்லேர்ந்து அவ ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டா."

ஹினெக் பொரேக்கிடம் கேட்டுக் கேட்டு, அவள் உள்ளங்கையில் முதல்முதலாகத் தானே எழுதினான். ஒரு சின்ன வாக்கியத்துக்கு அவனுக்கு வேர்த்துவிட்டது. கணினி தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், அடுத்த பதிப்பில் அந்த வரி இருந்தால் ஹெர்மினாவின் பட்டையும் தானாக எழுந்துவிடும் என்பதுதான் அவன் சொல்ல வந்தது. அடுத்த பதிப்பில் மாற்றம் சேர்க்கிற கதவு அக்டோபர் நடுவில் மூடிவிடும். அப்போது விட்டால் அடுத்தது வசந்தம்.

"அதுல அந்த வரி இருக்குமா?" என்று கேட்டாள்.

வைப்பேன் என்று எழுத நினைத்து, கேட்கிறேன் என்று எழுதினான். சத்தியம் செய்யும் நிலையில் அவன் இல்லை.

*

எந்த மாற்றம் உள்ளே போகலாம், எது கூடாது என்று முடிவு செய்கிறவர் போர்ச்சுகலில் இருந்த துவார்த்தே. ஹினெக் அவரை நேரில் பார்த்ததில்லை. கறாரானவர், நியாயமானவர், இரண்டு வரிக்கு மேல் எழுதாதவர். "நீ வைத்தாய், நீ எடுத்தாய், இப்போது நீயே கேட்கிறாய்" என்று எழுதினார். "பலகைகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. இரண்டையும் பிரித்தறிய வழி கண்டுபிடி, சேர்க்கிறேன். இல்லாவிட்டால் இல்லை."

ஹினெக் பிரித்தறியப் பார்த்தான். பட்டையும் பலகையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி, எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்லின. பட்டைக்கு மட்டும் புரிகிற ஒரு வணக்கத்தை அனுப்பிப் பார்க்கலாம். ஆனால் மறுமுனையில் இருப்பது பலகையாக இருந்தால் அந்த வணக்கத்தை அது என்னவாக எடுத்துக்கொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. போலந்திலிருந்து வித்தோல்ட் என்பவர் உடனே எகிறினார். பழைய தொல்லையின்போதும் உரக்கக் கத்தியவர் அவர்தான். "என் பலகை கோழிக்கூட்டின் கதவைத் திறந்து மூடுகிறது. போன வருஷம் நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டு விடாததால் கோழிகள் நாள் முழுக்க உள்ளேயே கிடந்தன. இப்போது கண்ட எழுத்தையும் அனுப்பிக் கதவை நீங்களே திறந்துவிடுங்கள், நரிக்கு ஒரு அழைப்பிதழும் போட்டுவிடுங்கள்."

வேலை முடிந்ததும் ஹினெக் தினமும் ஷிதெனித்சேக்கு டிராம் ஏறினான். சோதித்துப் பார்க்கப் பட்டை அங்கேதான் இருக்கிறது என்பது காரணம். அந்தக் காரணம் நாளடைவில் மெலிந்துகொண்டே வந்ததை பொரேக் கவனிக்காமல் இல்லை. புளித்து நுரைக்கிற புதுத் திராட்சைரசம் கடைக்கு வந்திருந்த காலம். பாட்டில் மூடியை இறுக்காமல் தளர்த்தியே வைத்து, மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் அவன் டிராமில் கொண்டுவருவான்.

"வரியைத் திருத்த வரீங்களா, இல்ல வாக்கப்பட வரீங்களா?" என்பார் பொரேக். தங்கைக்குக் கேட்காது என்ற தைரியம். அடுத்த நொடியே அதை அவள் கையிலும் எழுதிக் காட்டிவிடுவார். அவ்வளவு நல்ல மனசு.

ஹினெக்கின் கை எழுத்துப் பழகியது. ஆனால் மெதுவாக. "உங்களுக்குத் திக்குவாய் விரல்ல இருக்கு" என்று க்வேதா சிரிப்பாள். அவன் மூன்று எழுத்து எழுதுவதற்குள் மிச்ச வார்த்தையை அவளே சொல்லிவிடுவாள், பாதி நேரம் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வாள். பண்ணையாருக்கு விஷம் வைத்தது அவருடைய பல் மருத்துவர் என்று கண்டுபிடித்த நாளில், அதை அவனிடம்தான் முதலில் சொன்னாள். எங்கோ ஒரு கதையில் ஒரு பல் மருத்துவர் மாட்டிக்கொண்டதற்கு ஹினெக் அவ்வளவு சந்தோஷப்பட்டான். அவளை அவனுக்குப் பிடித்துவிட்டது, வேறென்ன சொல்ல.

ஆனால் ஹெர்மினாவின் பெயர் தினமும் ஒருமுறையாவது வரும். க்வேதா அவளுக்கு எழுதுவதை நிறுத்தவில்லை. போய்ச் சேரும், ஆனால் படிக்கப்படாது என்று தெரிந்தேதான் எழுதினாள்.

கதவு சாத்த ஒரு வாரம் இருக்கும்போது ஹினெக் ஒரு வழியோடு வந்தான். டிராமிலேயே யோசித்து முடித்திருந்தான், முகமெல்லாம் வெளிச்சம். பிரித்தறிய முடியாவிட்டால் என்ன, கேட்டுவிடலாமே. அந்த எண் வந்ததும் கணினி சட்டென்று பிடித்துக்கொள்ளாமல், "இது பிரெயில் பட்டையா?" என்று ஒரு கேள்வி காட்டட்டும். ஆமாம் என்று அழுத்தினால் பிடித்துக்கொள்ளட்டும். யாருக்கும் தொல்லையில்லை. துவார்த்தேயும் தட்டமாட்டார். அத்தனையையும் அவள் உள்ளங்கையில் எழுதி முடித்தபோது தன் சாமர்த்தியத்தில் அவனுக்கே கொஞ்சம் பெருமை.

"அந்தக் கேள்வி எங்க தெரியும்?" என்று கேட்டாள்.

திரையில் என்று எழுதத் தொடங்கியவன், இரண்டாவது எழுத்தில் நின்றுவிட்டான். விரல் அவள் கையிலேயே இருந்தது.

"ஹெர்மினா வீட்டுல திரையே கிடையாது" என்றாள் க்வேதா. கோபமில்லை, கேலியும் இல்லை. அதுதான் அவனை அதிகம் சுட்டது. "நீங்க நல்லவரு ஹினெக். ஆனா எங்களப் பத்தி யோசிக்கறப்பக்கூட கண்ணால யோசிக்கறீங்க."

அவன் கைகழுவ எழுந்தவன்போல் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றான். இரண்டாவது தடவை. பதில் சொல்ல முடியாதவளிடம் கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரவில்லை என்று போகப் பார்த்தது இது இரண்டாவது தடவை. சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பொரேக் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு முதல்முறையாக எதுவும் கிண்டல் செய்யவில்லை.

குழாயை மூடியபோது வழி தெரிந்துவிட்டது. தலைகீழாகத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். கணினி கேட்காமலேயே பட்டை என்று எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் ஒரு எழுத்துகூட அனுப்பாமல் சும்மா பிடித்திருக்கட்டும். "இதைப் பிரெயில் பட்டை என்று எண்ணியிருக்கிறேன், இல்லையென்றால் இங்கே அழுத்துங்கள்" என்று திரையில் சொல்லட்டும். பலகைக்காரன் பார்த்து ஒரு அழுத்து அழுத்தினால் விட்டுவிடும், பிறகு அந்த வீட்டில் அந்தப் பலகையைத் திரும்பத் தொடாது. பட்டை வைத்திருப்பவர் அதிலுள்ள விசை எதையாவது தொட்ட பிறகுதான் எழுத்துப் போகும். கைகளை ஈரத்தோடே கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் எழுதினான்.

"மொதல்ல கையத் தொடைங்க" என்றாள். பிறகு சிரித்தாள்.

எழுதி அனுப்பினான். பலகைக்காரர்கள் மறுபடி ஏன் ஒரு அழுத்து அழுத்த வேண்டும் என்று குழுவில் முணுமுணுப்பு எழுந்தது. இந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. எழுதியவன் வார்த்தை மட்டும் போதாது, இன்னொருவர் சோதித்துப் பார்த்து, "சோதித்தவர்" என்று தன் பெயரைக் கீழே போட வேண்டும். துவார்த்தே இரண்டு பெயர் கேட்டார்: பட்டை வைத்திருப்பவர் ஒருவர், பலகை வைத்திருப்பவர் ஒருவர்.

க்வேதா தானே எழுதினாள். அவள் அனுப்பிய பிறகுதான் ஹினெக் பார்த்தான்.

"இந்தக் கருவியைப் பயன்படுத்துவோர் உண்டா என்று வசந்தத்தில் இங்கே கேட்டீர்களாம். உண்டு. எனக்குத் தெரிந்து இரண்டு பேர். இன்னொருவரால் இதைப் படிக்க முடியாது, ஆகவே அவருக்கும் சேர்த்து நான் சொல்கிறேன். உங்கள் பலகையை என் பட்டை என்று கணினி தவறாக எண்ணினால் அதைச் சொல்லும் வரி உங்களுக்குத் தெரியும். என் பட்டையை உங்கள் பலகை என்று எண்ணினால் எனக்கு எதுவுமே தெரியாது. சிரமம் எப்படியும் யாரோ ஒருவருக்கு உண்டு. அதைப் பார்க்கக்கூடிய பக்கத்தில் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சோதித்தவர்: க்வேதா நெவ்ஷிமலோவா."

மறுநாள் வித்தோல்டிடமிருந்து ஒரு அஞ்சல். "ஒரு அழுத்து அழுத்தினேன். கோழிகள் வெளியே வந்தன. எனக்குச் சொல்ல வேறொன்றுமில்லை. சோதித்தவர்: வித்தோல்ட்." அன்று சாயங்காலம் துவார்த்தே ஒரே வார்த்தை எழுதினார்: "சேர்த்தாயிற்று."

*

பதிப்பு அக்டோபர் கடைசியில் வெளிவந்தது. க்வேதாவின் கணினி தானாகப் புதுப்பித்துக்கொண்டது, ஹினெக் கைப்பட வைத்த வரி போய், எல்லோருக்குமான வரி வந்து உட்கார்ந்தது. புள்ளிகள் எழுந்தன. பொரேக் ஒரு குப்பி பிளம் சாராயத்தை உடைத்து, அன்றிலிருந்து ஹினெக்கை நீ என்றும் மச்சான் என்றும் கூப்பிடத் தொடங்கினார்.

ஹெர்மினாவிடமிருந்து எதுவும் வரவில்லை.

ஒரு வாரம் போனது. ஹினெக்குக்குச் சோறு இறங்கவில்லை. அவள் கணினியை அணைத்தே வைத்துவிட்டாளோ. பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டாளோ. இல்லை, சொல்லவே பயமாக இருந்தது, ஆளே இல்லையோ. முன்பெல்லாம் பதில் வராவிட்டால் அவன் ஆள் இல்லை என்று எழுதி முடித்துவிடுவான். இப்போது பதில் வராத ஒவ்வொரு நாளும் எங்கோ ஒரு அறையில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பது அவனுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

"உங்க வேலைய நீங்க செஞ்சுட்டீங்க" என்றாள் க்வேதா. அவளுக்கும் அது ஆறுதலாக இல்லை. சாப்பிடும்போதும் இடது கை பட்டைமேலேயே இருந்தது.

நவம்பரில் வருகிற மார்ட்டின் திருநாளுக்குப் பொரேக் வாத்து வறுத்திருந்தார், சிவப்பு முட்டைக்கோஸ், மாவு உருண்டைகளோடு. மத்தியான வெயில் மேசைவரை வந்திருந்தது. தட்டில் மூன்றாவது உருண்டை விழுந்தபோது பட்டை கிர்ரென்றது. அந்த வீட்டில் அது கேட்டது இரண்டு பேருக்கு மட்டும்தான், ஆனால் க்வேதாவின் கை அவர்களை முந்திக்கொண்டது.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். விரல் ஓடியது. ஹினெக் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவளுடைய மறுகையில் எழுதினான்: அவங்களா?

"அவதான்" என்றாள் க்வேதா. குரல் எங்கோ உயரத்துக்குப் போய்விட்டது. "திட்டறா."

யாரை?

"என்னத்தான். ஆரம்பத்துலேர்ந்து திட்டறா, மூச்சு விடாம திட்டறா." அவள் அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே படித்தாள். "இன்னிக்குத் தற்செயலா ஏதோ விசையில விரல் பட்டுப் புள்ளி எழுந்துச்சாம். இத்தனை நாளும் பூனைதான் வயரைக் கடிச்சுடுச்சுன்னு நெனச்சாளாம். பாவம், பழிய அது தலையில போட்டுப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டாளாம். இப்பப் போயி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திருப்பிக் கேக்கறதுன்னு என்னைக் கேக்கறா."

பொரேக் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாத்துக்குக் குழம்பு ஊற்றினார். தட்டு நிரம்பி வழிந்தும் ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஹினெக் எழுதினான். திக்காமல் எழுதினான்: அந்தத் திட்டு எனக்குச் சேர வேண்டியது.

க்வேதா படிப்பதை நிறுத்தினாள். அவன் பக்கமாக முகத்தைத் திருப்பினாள்.

"நியாயந்தான்" என்றாள். "கையைக் குடுங்க."

இதுவரை அவன்தான் அவள் கையில் எழுதியிருக்கிறான். அவளுக்கு வாய்ப்பேச்சு இருந்ததால் அவன் கையில் எழுத வேண்டிய அவசியம் வந்ததில்லை. அவள் அவனுடைய உள்ளங்கையை விரித்து மடியில் வைத்துக்கொண்டு, இடது விரலால் பட்டையைப் படித்தபடியே ஹெர்மினாவின் வார்த்தைகளை வலது விரலால் எழுதத் தொடங்கினாள். கட்டைவிரல் நுனியில் ஒரு தொடுகை, உள்ளங்கையில் ஒரு சுழி, நடுவிரலிலிருந்து மணிக்கட்டுவரை நீளமாக ஒரு கோடு. அவனுக்குப் புரியும்படி மெதுவாகவே எழுதினாள்.

அடி பாவி. உனக்கு அண்ணன் இருக்கான். எங்க இருந்தாலும் தேடி ஆள் அனுப்பியிருப்பே. வரலைன்னா என்ன அர்த்தம். நீ செத்துட்டேன்னு நெனச்சேன். தினமும் காலையில காப்பியக் கையில வச்சுக்கிட்டு, செத்த பட்டைமேல விரல வச்சு உக்காந்திருப்பேன். இறந்தவங்க நாளுக்கு உனக்கு மெழுகுவத்தி ஏத்தினேன்.

மெழுகுவத்தி என்ற சொல் நீளமானது. பாதியிலேயே ஹினெக்கின் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. அவன் அழுகிறான் என்பதை அவள் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை, ஆனால் தெரிந்துகொண்டாள். எழுதுவதை நிறுத்தி, நடுக்கம் அடங்கும்வரை அந்தக் கையை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாத்து ஆறிக்கொண்டிருந்தது.

"இன்னும் நெறைய இருக்கு" என்றாள். "போதுமா?"

அவன் அவளுடைய சுண்டுவிரல் நுனியில் தொடங்கி, இன்னும் எழுதுங்க என்று எழுதினான். பிறகு தன் கையை மறுபடி அவள் மடியில் விரித்து வைத்தான்.